இரண்டரை மணி நேர ஜெர்மன்

பிரான்சில் இருக்கும் அக்கா மகள் செப்டம்பரில் கொலேஜின் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். நம் ஊர் நடுநிலைப் பள்ளி மாதிரிதான். அங்கே முதல் அந்நிய மொழி தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பித்துவிடும், பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டாவது அந்நிய மொழி இந்த இரண்டாம் ஆண்டு வகுப்பிலிருந்து கட்டாயம். ஜெர்மனா, ஸ்பானிஷா என்று வீட்டில் ஒரே பேச்சு.

பன்னிரண்டு வயதில் இரண்டாவது அந்நிய மொழி கற்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். என் கவலை நேரத்தைப் பற்றியது. 2016இல் வந்த கொலேஜ் சீர்திருத்தத்துக்கு முன்பு இது ஓராண்டு தள்ளித்தான் தொடங்கியது. முன்கூட்டித் தொடங்கியது நல்லதுதான், ஆனால் வாரத்துக்குக் கொடுப்பது இரண்டரை மணி நேரம். நிறைந்த வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்து பேச எத்தனை நிமிடம் கிடைக்கும்?

அதே சீர்திருத்தம், முதல் ஆண்டிலேயே இரண்டு மொழி படிக்கும் 'பிலாங்' வகுப்புகள் பலவற்றை மூடியது. ஜெர்மன் ஆசிரியர்கள் கொதித்தார்கள். ஜெர்மனி அரசே கவலை தெரிவித்தது. 2017இல் அடுத்த அரசு வந்ததும் அந்த வகுப்புகளுக்கு மறுபடி வழிவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் பாடத்திட்டம் ஆடினால் ஆசிரியரை எப்படி நியமிப்பது?

பெரும்பாலான பிள்ளைகள் ஸ்பானிஷ்தான் எடுக்கிறார்கள். இவள் ஜெர்மன் கேட்கிறாள். எடுக்கட்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, கூடவே ஆங்கிலம் என்று பழகிய பிள்ளைக்கு நான்காவது மொழி பயமாக இருக்காது. அக்கா, தயங்காமல் கையெழுத்துப் போடு.