வார இறுதியில் நான்கு ஏரிகள்

வார இறுதி வந்தால் ஏதாவது ஒரு சின்ன தரவை எடுத்துப் பைத்தான் நிரல்மொழியில் நோண்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இப்போது ஓடிக்கொண்டிருப்பது சென்னை ஏரிகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகியவற்றின் தினசரி நீர் இருப்பும் மழை அளவும் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன.

முதல் வேலை எப்போதும் சுத்தம் செய்வதுதான். தேதியில் நாள் முன்னால் வருகிறது என்று பாண்டாஸிடம் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் கருவி) சொல்லாவிட்டால் நவம்பர் 5, மே 11 ஆகிவிடும். மழைக்கால நிலவரம் கோடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், நீர் இருப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டு வரைபடம். 2015 டிசம்பரில் கோடு உச்சியில் நிற்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும் சரிகிறது. 2018இலும் மழை ஏமாற்ற, 2019 ஜூனில் கிட்டத்தட்ட தரையைத் தொடுகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது வெறும் கோடு இல்லை.

மழையை மட்டும் வைத்து ஏரி இருப்பைக் கணிக்கப் பார்த்தால் பூண்டியில் சிக்கும். மழை இல்லாத மாதத்திலும் அங்கே நீர் ஏறுவதுண்டு. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் வருகிறதே! இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணிப்பு எங்கே பிசகுகிறதோ, அங்கே தேடிப் போனால் ஊரைப் பற்றியே புதிதாக ஒன்று தெரியவரும். இதற்குப் பெரிய கணினியோ நியூரல் நெட்வொர்க் போன்ற சிக்கலான செயற்கை நுண்ணறிவு மாதிரியோ வேண்டாம், உலாவியிலேயே பைத்தானை ஓட்டும் கூகுள் கோலாப் போதும்.

அடுத்து நிலத்தடி நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். ஆர்வமுள்ளவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே செய்வோம்.