எங்கள் வீட்டு விரல்

எக்ஸ்ரே அறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் முகம் மறந்துவிடும், கைகள் மறப்பதில்லை.

பள்ளியில் வலிப்பு வந்து விழுந்து, மணிக்கட்டில் அடிபட்ட பதினான்கு வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு அடியில், உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்புகள் படத்தில் குட்டையாகத் தெரிந்தன. அவற்றின் நுனிகளைத் தொட்டு ஸ்கேலை வைத்தேன். கோடு நடுவிரல் எலும்பின் தலையை வெட்டியது.

"கையை மூடிக் காட்டு, பாப்பா."

விரல் முட்டி எழும்ப வேண்டிய இடத்தில் குழி.

"அது எங்கள் வீட்டு விரல், சார். என் அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று தாயும் கையை மூடிக் காட்டினார். அதே குழி. செருப்பைக் கழற்றினார், காலில் நான்காம் விரல் உள்ளே ஒடுங்கியிருந்தது.

படத்தை நானே மருத்துவரிடம் கொண்டுபோனேன். ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவு, அதை உயர்த்த வேண்டிய பாராதைராய்டு ஹார்மோனோ மிக அதிகம். ஹார்மோன் சுரக்கிறது, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. 1942-இல் ஆல்பிரைட் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. மூன்று ஆண்டுகளாக அந்தப் பிள்ளை வலிப்பு மாத்திரை விழுங்கியிருக்கிறாள். கால்சியம் குறைந்தாலும் வலிப்பு வரும், ஆனால் ஒருவரும் கால்சியம் பார்க்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

குட்டை விரல் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. பல குடும்பங்களில் அது வெறும் விரல்தான். அரிதாகத்தான் வேறு நோய் சேரும்: துருக்கியில் ஒரு குடும்பத்தில் கடும் ரத்த அழுத்தமும் கூடவே வந்ததை 1973-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாய்க்குக் கால்சியம் சரியாகவே இருந்தது. அதற்கு மருத்துவர் சொன்ன விளக்கம்தான் என்னை அசர வைத்தது. இந்த நோய்க்குக் காரணமான ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில், சிறுநீரகத்தின் இந்த வேலைக்குத் தாய்வழிப் பிரதிதான் பயன்படுகிறது. குறை தந்தையிடமிருந்து வந்தால் எலும்போடு நின்றுவிடும். தாயிடமிருந்து வந்தால் கால்சியமும் குறையும். பிள்ளைக்குக் குறை வர இரண்டில் ஒரு வாய்ப்பு.

தாய் உடனே கணக்குப் போட்டார். "அப்படியென்றால் தம்பி பிள்ளைகளுக்குப் பயமில்லை. தங்கைக்கும் இந்த விரல்தான், சார். அவள் மகனுக்கு?"

மறுவாரம் அந்தச் சிறுவன் வந்தான். நான் கேட்பதற்கு முன்பே கையை மூடிக் காட்டினான். நான்கு முட்டிகளும் எழும்பி நின்றன. ஆனாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் அனுப்பினேன். ஆறு வயதுப் பிள்ளை. எலும்பு குட்டையாவது சில சமயம் பிறகுதான் தெரியும்.