கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் படிப்பு: முதல் கணித வகுப்பைத் தேர்ந்தெடுக்குமுன்

கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் (அரசின் இரண்டாண்டுக் கல்லூரி) ஒன்றில் படித்து, அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இவ்வழியில் வர நினைப்போர் முதலில் கவனிக்க வேண்டியது, கணிதத்திலும் ஆங்கிலத்திலும் எந்த நிலை வகுப்பில் தொடங்குகிறோம் என்பதைத்தான்.

முன்பெல்லாம் சேரும்போதே ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் பள்ளிக் கணிதத்தையே மீண்டும் படிக்கும் அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு அவை மூன்று, நான்கு பருவங்கள்கூட நீளும், அங்கே பெறும் அலகுகளோ (கிரெடிட்) பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் வருவதில்லை. தோற்று நின்றவர்களைவிட, அடுத்த வகுப்பில் சேராமலே விலகியவர்கள்தான் அதிகம். கறுப்பின மாணவர்களும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களும் அவ்வகுப்புகளுக்கு மிகுதியாக அனுப்பப்பட்டார்கள் என்பதால் இதை நான் வெறும் நிர்வாகச் சிக்கலாகப் பார்க்கவில்லை, இது அநீதி.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் எலோய் ஓர்டிஸ் ஓக்லி. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, ஹன்டிங்டன் பீச்சிலுள்ள கோல்டன் வெஸ்ட் காலேஜில் படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) இர்வைன் வளாகத்துக்கு மாறிப் பட்டம் பெற்றவர் அவர். 2007இல் லாங் பீச் சிட்டி காலேஜின் தலைவரானார். அங்கே 2012இல், நிலைத்தேர்வை மட்டும் நம்பாமல் மாணவர் பள்ளியில் பெற்ற மதிப்பெண்களையும் பார்த்து வகுப்பை முடிவுசெய்யும் முறை தொடங்கியது. கல்லூரி நிலைப் பாடங்களை முதலாண்டிலேயே எடுத்துத் தேறியவர்களின் எண்ணிக்கை பெருகியது. 2016 இறுதியில் மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்கள் அனைத்துக்கும் வேந்தரானார். அப்பொறுப்புக்கு வந்த முதல் லத்தீனோ அவரே. 2017இல் அவர் தலைமையில் வெளியான திட்டம், இனங்களுக்கிடையிலான தேர்ச்சி இடைவெளியைப் பத்தாண்டுகளில் முற்றிலும் நீக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஏபி 705 என்ற மாநிலச் சட்டமும் நிறைவேறியது. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தை ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பை மாணவருக்கு இயன்ற அளவு உறுதிசெய்வது கல்லூரிகளின் கடமை என்கிறது அச்சட்டம்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வருவோரிடம் அமெரிக்கப் பள்ளி மதிப்பெண் இருக்காது. பல கல்லூரிகள் வழிகாட்டுதலுடன் நாமே நிலையைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. அந்த இடத்தில் தயங்கிக் கீழிறங்க வேண்டாம். சமூக அறிவியல் படிப்போர் பெரும்பாலும் புள்ளியியலில் தொடங்கலாம். பொறியியல் விரும்புவோர் கால்குலஸை நோக்கிய வரிசையில் சேர வேண்டும். நான் புள்ளியியலுடன் இணைத்துத் தரப்படும் துணை வகுப்பையும் எடுத்தேன், வாரந்தோறும் அங்கே கேட்ட சந்தேகங்களே என்னைத் தேற வைத்தன. ஆயத்தமில்லாத மாணவர்கள் திணறுகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்குத் தீர்வு இத்தகைய துணை வகுப்புகளைப் பெருக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் முதல் பருவத்திலேயே பார்த்து, ஆலோசகருடன் அமர்ந்து முழுத் திட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 யூசி வளாகங்கள், உரிய நிபந்தனைகளை நிறைவு செய்வோருக்குச் சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. அதற்கான விண்ணப்பத்தைச் செப்டம்பர் மாதத்திலேயே தர வேண்டும். யூசி சேர்க்கைக்கான வழக்கமான விண்ணப்பம் வேறு, அதையும் தனியாக அனுப்ப வேண்டும்.