இருபதில் பூஜ்ஜியம்

"மேடம், பி வேல்யூ 0.035 வந்துடுச்சு!" என்று லேப்டாப்போடு வந்து நின்றார் முதுநிலை மாணவர் ஒருவர். வயிற்று அறுவை முடிந்ததும் தோலைத் தையல் போட்டு மூடுவதா, ஸ்டேப்ளர் போடுவதா என்பது அவருடைய ஆய்வு. எண்களைக் கொஞ்சம் எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பக்கம் 20 பேரில் 4 பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. மறுபக்கமும் 20 பேர்தான், ஒருவருக்கும் இல்லை. இரண்டு பக்க விகிதங்களை ஒப்பிடும் கை ஸ்கொயர் டெஸ்ட் போட்டிருந்தார். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி வேல்யூ. அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் வித்தியாசத்தைப் பொருட்படுத்துவது வழக்கம்.

எண்ணிக்கை இவ்வளவு சின்னதாக இருந்தால் கை ஸ்கொயரை நம்ப முடியாது. இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 2 பேருக்குத் தொற்று வந்திருக்க வேண்டும். இப்படி எதிர்பார்க்கும் எண் 5-க்குக் கீழே போனால் ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட் போடுவதுதான் வழக்கம். சரி, உட்காருங்கள் என்று இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். 0.106 வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது அந்தப் பூஜ்ஜியம். "தொற்றே இல்லை" என்று எழுதியிருந்தார். 20 பேரில் யாருக்கும் வரவில்லை என்றால், 'மூன்றின் விதி' என்ற தோராயக் கணக்குப்படி 3-ஐ 20-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 15 சதவீதம். உண்மையான தொற்று விகிதம் கிட்டத்தட்ட அதுவரைகூட இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை அது. இதைப் படித்துவிட்டு யாராவது தன் நோயாளியிடம் "பயமே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாதே.

அப்புறம் மருத்துவமனையில் இருந்த நாட்கள். 3, 3, 4, 4, 4, 5, 28 என்று ஏழு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 7 நாளுக்கும் மேல், ஆனால் ஆறு பேர் 5 நாளுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடு எண்ணான 4-தான் இங்கே உண்மையைச் சொல்கிறது. அவரோ இரண்டு பக்கச் சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டிருந்தார். ஆட்கள் குறைவு என்பதல்ல இங்கே சிக்கல். பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908-ல் அந்தச் சோதனையை உருவாக்கியதே சிறிய மாதிரிகளுக்காகத்தான். ஒரு பக்கமாக நீண்டு இழுக்கும் தரவுதான் அதைக் கெடுக்கிறது. எண்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசையை வைத்து ஒப்பிடும் மான்-விட்னி டெஸ்ட் போடச் சொன்னேன்.

"அந்த 28 நாள் பேஷண்டை எடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டார். குடல் இணைப்பில் கசிவு வந்து மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர். கூடாது என்றேன். நாளை அவருடைய கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.