அப்பாவுக்கு 60, சனியில் 2

அடுத்த வாரம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூருக்கு வேன் பேசிட்டு, நேத்து சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுல சுண்டலோட உட்கார்ந்திருந்தோம்.

"தாத்தா, நீங்க புதன்ல இருந்தா 249 வயசு!"ன்னா என் பொண்ணு. புதன் 88 நாள்ல சூரியனைச் சுத்திடும், அதான் அங்க ஒரு வருஷம். செவ்வாய்க்கு 687 நாள். அங்கன்னா அப்பாவுக்கு 31 முடிஞ்சு 32 நடக்குது.

"அப்ப அங்கயே போயிடறேன், முட்டிவலியாவது போகும்."

போகாதுப்பா. எண்ணிக்கைதான் மாறும், முட்டி அதே முட்டிதான்.

எனக்குப் பிடிச்ச கணக்கு வேற. வியாழனுக்கு ஒரு சுத்து கிட்டத்தட்ட 12 வருஷம், சனிக்கு 29½. இந்த 60 வருஷத்துல வியாழன் 5 சுத்து, சனி 2 சுத்து. அப்பா பிறந்தன்னிக்கு ரெண்டும் நின்ன இடத்துக்கே ஏறக்குறைய திரும்பி வந்திருக்கு. பிரபவ, விபவன்னு நாம எண்ற சக்கரமும் அதே 60தான். சும்மாவா வச்சான்!

நெப்டியூனுக்கு 165 வருஷம். 1846-ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் முதல் சுத்தை முடிச்சதே 2011-லதான். அங்க அப்பாவுக்கு முதல் பிறந்தநாளே வரல.

"அப்ப தாத்தாவுக்கு இன்னும் மொட்டையடிச்சுக் காது குத்தலையா?"

அப்பா தலையைத் தடவிக்கிட்டார். மொட்டைக்கு அங்க வேலையே இல்ல.