மணலில் எழுதிய பாதிரியார்

வெளிநாட்டவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது 18 வருடங்களாக என் வேலை. படித்து நல்ல பதவியில் இருப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். ழகரம் தப்பாக வந்தால் உடனே மன்னிப்புக் கேட்பார்கள். நாலு தடவை கேட்டபின் வாயே திறக்க மாட்டார்கள். அப்போதெல்லாம் நான் சீகன்பால்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மன் பாதிரியார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் மதப்பணிக்கு அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். கூட வந்தவர் புளூட்சோ. அன்றைக்குக் கடற்கரை வியாபாரத்தில் போர்ச்சுக்கீசிய மொழி புழங்கியது. புளூட்சோ அதைப் படித்தார், இவர் தமிழை எடுத்துக்கொண்டார். ஒரு முதிய வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார்.

அப்புறம் அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இன்னும் அருமை. காலை 7 முதல் 8 வரை, படித்த சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் 12 வரை அதுவரை படிக்காத தமிழ் நூல்கள். பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சுத் தமிழில் விளக்குவார். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். இதைப் படித்த பிறகு என் வகுப்பையே மாற்றிக்கொண்டேன். முன்பு மாணவரே வாசித்து மாணவரே நோட்டில் எழுதுவார், நாலு வரிக்குள் ஓட்டம் அறுந்துவிடும். இப்போது சொற்களை நான் குறிக்கிறேன். அவர் வாசித்தால் போதும்.

அவருடைய ஊழியம் சுலபமாக நடக்கவில்லை. 1708 இறுதியில் டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதல் முற்றி, நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1715இல் அவர் தமிழில் மொழிபெயர்த்த, பைபிளின் பகுதியான புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள்.

எனக்கு மிகவும் மனம் கனப்பது வேறொரு நூலை நினைத்துத்தான். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். இந்த வழிபாட்டைத் தவறென்று நம்பி வந்தவர், கடைசிவரை அப்படியே நம்பியவர். இருந்தும் ஊராரிடம் பொறுமையாகக் கேட்டு, சுவடிகளைப் படித்து எழுதியிருக்கிறார். ஹாலேயில் இருந்த மேலிடம் அதை அச்சிடவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவரோ 1719 பிப்ரவரியில், 36 வயதிலேயே தரங்கம்பாடியில் காலமாகிவிட்டார்.

போன வருடம் நாற்பது வயது தாண்டிய மருத்துவர் ஒருவர் படிக்க வந்தார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நாமும் மணலில் எழுதலாமா?" என்றார். மறுநாள் ஒரு தட்டில் மணல் கொண்டுபோனேன். ழ எழுதினார், கோணியது. உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார், சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். அன்று அவர் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.