குமுக்கன் காட்டில் மச்சானும் கரடியும்

உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடக்கும் பாதயாத்திரையில் இந்த முறை கனடா மச்சானும் சேர்ந்துகொண்டான். யானையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. எல்லாம் கரடிதான். "ஒரு பிஸ்டல் இருந்தா நிம்மதியா நடக்கலாம்டா" என்று வழி நெடுகப் புலம்பல்.

பாதை போகிற குமண வனவிலங்குச் சரணாலயத்துக்குள் துவக்கோடு போனால் கரடிக்கு முன்னால் வனத்துறைதான் பிடிக்கும். அது கிடக்கட்டும், பிஸ்டல் உண்மையில் உதவுமா? 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துவக்கு வைத்திருந்தவர்கள் கரடியிடம் மாட்டிய 269 சம்பவங்களை டொம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசி, 2012இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலித்ததாம். மச்சானுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் சுட்டவர்களும் சுடாதவர்களும் காயப்பட்ட அளவில் வித்தியாசமே இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதைச் சொன்னதும் தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டான்.

நம்முடைய இலங்கைக் கரடி வேறு சாதி. ஆளைத் தின்ன வருவதில்லை, திடுக்கிட்டுத்தான் பாயும். புற்றை நகத்தால் பிளந்து, மூஞ்சியை உள்ளே விட்டுக் கறையானை உறிஞ்சும். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது, அந்த இடைவெளிதான் அதற்குக் குழாய். உறிஞ்சுகிற சத்தம் தூரத்துக்குக் கேட்கும், ஆனால் நாம் வருவது அதற்குக் கேட்காது. கிட்டப் போனபின்தான் நிமிரும். அப்புறம் நேரே முகத்துக்குத்தான். முள்ளுப் பற்றைக்குள் ஒற்றையடிப் பாதை, முன்னும் பின்னும் சாமிமார். அந்த நேரத்தில் பிஸ்டலை உருவினால் குண்டு யாருக்குப் படும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆடி மாதத்தை ஒட்டிய யாத்திரை பாலைப்பழக் காலத்தோடு சேர்ந்தே வரும். குமுக்கன் ஆற்றுக்கு முன்னால் பாதை நடுவில் கரடி எச்சம் கிடந்தது. ஈரம் காயவில்லை, முழுக்கப் பாலைக்கொட்டை. பக்கத்துப் புற்றில் நகம் கீறிய வரிகளில் மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சான் நின்ற இடத்திலேயே நின்றான்.

சித்தாண்டியில் இருந்து வந்த வயதான சாமி ஒருவர், தேன் எடுக்கப் போன காலத்தில் கரடி கிழித்த தழும்பைத் தலைப்பாகையை விலக்கிக் காட்டினார். "தனியா நடக்காதயுங்கோ தம்பி. சத்தம் போட்டுப் போனா அது தானா விலகும். மறுகா பாய்ஞ்சா, ஓடப்படாது. குப்புறப் படுத்து, பிடரியைக் கையால பொத்திக்கொண்டு கிடக்கணும்."

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் மச்சானின் அரோகராதான் உரத்தது. ஆற்றங்கரையில் படுத்த பிறகும் நிறுத்தவில்லை. "தம்பி, கரடியெல்லாம் போயிட்டுது, எங்களைக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோ" என்று சாமியே கெஞ்ச வேண்டி வந்தது.